வெட்டுப்பட்ட அரைப் பக்கம்

"சிறுகதைதானே" என்று சொல்லிவிட்டு ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சொல்லும் அந்தத் துடைப்பும் சேர்ந்து எனக்குள் இறங்கி மூன்று மாதம் ஆகிறது. இன்னும் செரிக்கவில்லை. கக்கிவிட்டால் தேவலை என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஒன்பதாவது வரை படித்தவள். ஓடைப்பட்டிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் திராட்சைத் தோட்டம். காலையில் குளித்து விளக்கேற்றாமல் அடுப்பைத் தொட மாட்டேன். செவ்வாயும் வெள்ளியும் வீட்டில் கவிச்சி கிடையாது. எழுத்தாளர் என்று யாராவது சொன்னால், பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன்.

கதை படிக்கும் பழக்கம் எனக்குப் பழப்பெட்டியிலிருந்து வந்தது. கொத்துகளை அடுக்கும்போது பெட்டியின் அடியிலும் ஓரத்திலும் தாள் போடுவோம். பழைய பேப்பரை என் வீட்டுக்காரர் கம்பத்திலிருந்து எடைக்கு வாங்கி வருவார். அதில் வாரப் பத்திரிகைகளும் கலந்து வரும். ஒரு கண் கொத்தில் இருக்கும், ஒரு கண் தாளில் இருக்கும். தொடர்கதை எனக்கு ஒத்துவரவில்லை. முன் வாரமும் கிடைக்காது, பின் வாரமும் கிடைக்காது. ஒரு கதையில் ஒருத்தி கைக்குழந்தையோடு ரயிலேறினாள். எங்கே இறங்கினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சிறுகதை அப்படி ஏமாற்றாது. ஒரு தாளின் முன்பக்கத்தில் தொடங்கிப் பின்பக்கத்தில் முடிந்துவிடும். எனக்கு முழுசாகக் கிடைத்தது அது ஒன்றுதான். அப்படிப்பட்ட தாளைப் பெட்டியில் போட மனசு வராது. மடித்து இடுப்பில் செருகிக்கொள்வேன்.

பதினொரு மணிக்குத் தோட்டத்தில் டீ. வேலைக்கு வந்த பெண்கள் ஆறேழு பேர் பந்தலுக்குக் கீழே உட்காருவார்கள். இடுப்பில் செருகிய தாளை எடுத்து வாசிப்பேன். டீ ஆறுவதற்குள் கதை முடிந்துவிடும். பிறகு எழுந்து இலை கிள்ளப் போவார்கள். கிள்ளிக்கொண்டே, "அவ புருசன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். சாயங்காலம் வரை அந்தக் கதைதான் நிரைக்கு நிரை ஓடும். அவர்கள் நாளில் கதைக்கென்று இருப்பது அந்த இருபது நிமிடம். அதற்குள் அடங்குகிற கதை சின்னக் கதை மட்டும்தான். பெரிய புத்தகக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

படித்துப் படித்து நானும் எழுத ஆரம்பித்தேன். என் மகள் பள்ளியில் எழுதி மீந்த நோட்டுத் தாள்களில் எழுதினேன். ஒன்றிரண்டு உள்ளூர் விழா மலர்களில் வந்தன. அதற்கு மேல் நான் ஆசைப்பட்டதில்லை.

அந்தப் பெண்களில் ஒருத்தி எங்கள் தோட்டத்துக்குப் பல வருசமாக வருகிறவள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. நாலு வருசத்துக்கு முன் அவள் மாசமாக இருந்தபோதும் வேலைக்கு வந்தாள். கொத்துகளை மருந்துத் தண்ணீரில் முக்கினாள், பூச்சி மருந்து கலக்கினாள். ஆள் பற்றாத ஒரு நாள் நான்தான் மருந்து வாளியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். ஏழாம் மாசம் அவளுக்கு வலி எடுத்து ஆம்புலன்ஸில் ஏற்றினோம். ஆண் பிள்ளை. அன்று சாயங்காலம் வரை உயிரோடு இருந்தது. மருந்தால்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. நானும் அப்படிச் சொல்ல வரவில்லை. வாளியை எடுத்துக் கொடுத்த கை என்னுடையது, அது எனக்குத் தெரியும்.

சென்ற வருசம் ஒரு மதியம் இலை கிள்ளிக்கொண்டிருந்தபோது அவளாகவே கேட்டாள்.

"யக்கா, நீங்க வாசிக்கிற கதையில எல்லாப் பிள்ளைக்கும் பேரு இருக்கு. எம்பிள்ளைக்கும் பேரு வச்சோம். ஆஸ்பத்திரிச் சீட்டுல ஆண் கொழந்தைன்னு மட்டும் போட்டுட்டாக. ஒரு பேப்பர்லயும் அந்தப் பேரு ஏறல. நீங்க எழுதுங்களேன்."

"என்னத்தடி எழுத?"

"நடந்தத."

"நடந்தத எழுதுனா நானும் அதுல வருவேன்."

"வாங்க. வராம எங்க போவீக?"

இரண்டு மாசம் எழுதினேன். ஐந்து தடவை கிழித்தேன். கடைசியில் நாலு பக்கம் வந்தது. மோட்டார் ரூமில் உட்கார்ந்து அவளுக்கு முதலில் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "பேரு சரியா இருக்கு" என்றாள்.  அந்தப் பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. அந்தக் கதைக்கென்றுதான் அவள் அதைக் கொடுத்தாள்.

தேனியில் சில பேர் சேர்ந்து வருசத்துக்கு ஒரு சிறுகதைத் தொகுப்பு போடுகிறார்கள். அதை நடத்துகிறவர் கடைவீதியில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. அவருக்குக் கதையை அனுப்பிவிட்டு, வீரபாண்டி கௌமாரியம்மன் சந்நிதியில் நின்று வேண்டிக்கொண்டேன். "ஆத்தா, உள்ளது உள்ளபடி அச்சில ஏறட்டும். சித்திரைக்கு உனக்குத் தீச்சட்டி எடுக்கிறேன்."

பங்குனி கடைசியில் அண்ணாச்சி போன் பண்ணினார். "தங்கச்சி, உங்க கதையப் போட்டாச்சு. பிரஸ்ஸுக்குப் போயிருச்சு. சந்தோசமா இருங்க."

போட்டாச்சு என்றதும் நான் முழுசாகப் போட்டார்கள் என்றே எடுத்துக்கொண்டேன். அம்மன் கொடுத்த பிறகு காக்கவைக்கக் கூடாது என்பார்கள் எங்கள் பக்கம். புத்தகம் கைக்கு வரட்டும் என்று பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. சித்திரைத் திருவிழாவில் முல்லையாற்றில் முழுகி, கோயில் முன் நட்ட கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஈரச் சேலையோடு தீச்சட்டி எடுத்தேன். அந்தப் பிள்ளையைப் பெற்றவளும் வேலைக்குப் போகாமல் கூடவே வந்தாள். வழி நெடுக வேப்பிலையால் என் கைக்கு விசிறிக்கொண்டே நடந்தாள். அன்றைக்கு எனக்குச் சட்டியின் சூடு தெரியவே இல்லை. அம்மன் ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

வைகாசியில் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா. அவளுக்கு அன்று வேறு தோட்டத்தில் வேலை. "நாளைக்கு டீ நேரத்துல வாசிச்சுக் காட்டுங்க" என்று சொல்லியனுப்பினாள். வீட்டுக்காரர் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசலிலேயே யாரிடமோ பழ விலை பேச நின்றுவிட்டார்.

மேடையில் பதினோரு நாற்காலி. பதினோரு பேருக்கும் பொன்னாடை. போர்த்துகிறவர் கேமராவைப் பார்த்தார், போர்த்திக்கொண்டவரும் கேமராவைப் பார்த்தார். ஒரு துண்டு கைமாறுவதற்கு இரண்டு நிமிடம் பிடித்தது. கதை எழுதியவர்கள் நாங்கள் ஒன்பது பேர் மூன்றாவது வரிசையில் இருந்தோம். இரண்டரை மணி நேரம் பேசினார்கள். யாரும் ஒரு கதையையாவது தொடவில்லை. சிறப்பு விருந்தினர் எழுந்து, "நாவல்ங்கிறது விருந்துச் சாப்பாடு. சிறுகதைங்கிறது எலை ஓரத்து ஊறுகா. ஊறுகாய மட்டும் தின்னு யாராச்சும் பசியாறுனதா கேள்விப்பட்டிருக்கீகளா?" என்றார். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். சொல்லிவிட வேண்டும், நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்த வாயைப் பிறகு எத்தனை தடவை கொப்பளித்தாலும் அந்தச் சிரிப்பு போகவில்லை.

பிறகு புத்தகம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், கூட்டமில்லாத மூலையில் நின்று பிரித்தேன். முதலில் வாழ்த்துரைகள். மேடையில் இருந்த பதினோரு பேரும் ஆளுக்கொரு பக்கம், படத்தோடு. ஒருவர் படத்தில் போனைக் காதில் வைத்திருந்தார். வாழ்த்துகிற நேரத்திலும் அவருக்கு அவசரம். அதையெல்லாம் தள்ளி என் கதைக்கு வந்தேன். ஒரு பக்கம், இரண்டு, மூன்று, சரியாக இருந்தது. நாலாவது பக்கத்தின் பாதியில், "ஆம்புலன்ஸ் தேனி ரோட்டில் ஏறியது" என்ற வரியோடு நின்றுவிட்டது.

அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே மருந்துக் கடை விளம்பரம். நடுவில் பூச்சி மருந்து டப்பாவின் படம், பெரிசாக. எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் வரிசையாக நிற்கிறதே, அதே டப்பா. அடியில், விஷம் என்று காட்டுகிற அந்த முக்கோணக் குறி. பக்கத்தில், "உங்கள் கொடியைப் பெற்ற பிள்ளைபோல் காக்கும்" என்று ஒரு வரி.

எனக்கு மருந்து நாற்றம் அடித்தது. தாளில் ஏது நாற்றம்? ஆனால் அடித்தது. மருந்து தெளித்த அன்று தொண்டைக்குள் ஒட்டிக்கொள்ளுமே, அந்த இனிப்பும் கசப்புமான நாற்றம். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு நின்றேன்.

வெட்டுப்பட்டது பதினோரு வரி. பிள்ளை ஒரு சாயங்காலம் உயிரோடு இருந்தது அதில்தான் இருந்தது. பிள்ளையின் பெயர் அதில்தான் இருந்தது. வாளியை எடுத்துக் கொடுத்தது நான் என்பதும் அதில்தான் இருந்தது.

அண்ணாச்சி சாப்பாட்டு அறையில் கேசரி தின்றுகொண்டிருந்தார். புத்தகத்தை விரித்துக் காட்டினேன்.

"அண்ணாச்சி, கதை முடியலையே."

எட்டிப் பார்த்தார். "அட, அதுவா? விளம்பரம் கடைசி நேரத்துல வந்துச்சு தங்கச்சி. குடுத்தவுக மேடையில ஆறாவது நாற்காலில இருந்தாகள்ல, அவுகதான். அரைப் பக்கம் வேணும்னாக. எங்க போவேன்?"

"வாழ்த்துரை பதினோரு பக்கம் இருக்கே. அதுல ஒன்ன வெட்டக் கூடாதா?"

"நல்லாச் சொன்னீக! வாழ்த்துரைய வெட்டுனா அவுக மனசு சங்கடப்படாதா? அடுத்த வருசம் மண்டபத்துப் பக்கம் தலை வச்சுப் படுப்பாகளா?" கேசரியை விழுங்கினார். "இதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆம்புலன்ஸ் ஏறுது, அதோட நிக்குது. மிச்சத்தப் படிக்கிறவுக யோசிச்சுக்கிருவாக. இப்ப எல்லாம் அப்படித்தான் எழுதுறாக."

"யோசிச்சா அந்தப் பிள்ளை பேரு தெரியுமா அண்ணாச்சி?"

"என்ன தங்கச்சி நீங்க, சிறுகதைதானே" என்றார். வாயைத் துடைத்துக்கொண்டார். துடைத்த தாளைப் பார்த்தேன். விழா அழைப்பிதழ்.

கெட்ட மனுசர் இல்லை அவர். கைக்காசு போட்டுத்தான் இந்தத் தொகுப்பை நடத்துகிறார். அதனால்தான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. கதையை நேசிக்கிறேன் என்று சொல்கிறவர் கையிலேயே கத்தரிக்கோல் இத்தனை சுளுவாக ஓடுகிறது. சட்டிக் குழம்பில் ஒரு கரண்டி குறைந்தால் யாருக்கும் தெரியாது. அகலில் திரியை எடுத்துவிட்டால் மிச்சம் எண்ணெய்தான். பெரிய புத்தகத்தில் அரைப் பக்கம் போனால் போகட்டும். நாலு பக்கத்தில் அரைப் பக்கத்தை எடுக்கிறவன் எதை எடுக்கிறோம் என்று ஒரு தடவை படித்தாவது பார்க்க வேண்டாமா?

மறுநாள் பதினொரு மணிக்கு எல்லோரும் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். அவள் என்னை ஒட்டி உட்கார்ந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தாள். வேலைக்கு வருகிற நாளில் அவள் அப்படி வருவதில்லை.

முந்தின நாள் வீடு திரும்பும்போதே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அச்சில் இருப்பதைப் பார்த்து வாசித்துவிட்டு, இல்லாததை மனப்பாடமாகச் சொல்லிவிடுவது. அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே. மூன்று பக்கமும் வாசித்தேன். நாலாவது பக்கத்தைத் திருப்பியதும் அவள் விரல் தாளின் மேல் வந்தது.

"இந்த டப்பா இங்கன எதுக்குக்கா?"

"அது... வெளம்பரம் ஆத்தா. எல்லாப் புஸ்தகத்துலயும் போடுறதுதான்."

"எம்பிள்ளை எங்க இருக்கான்? டப்பாவுக்கு மேலயா, கீழயா?"

ஒருத்தி டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தமும் நின்றது. என்னால் பொய் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் இன்றைக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கவும் மாட்டேன்.

"இல்லத்தா. எடம் இல்லைன்னு எடுத்துட்டாக."

"பேரையா?"

"பேரையும்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள். "அப்ப நீங்க எதுக்குக்கா தீச்சட்டி எடுத்தீக?" என்று கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிசமாகவே பதில் வேண்டி அவள் கேட்டாள்.

வயசில் மூத்த ஒருத்தி, "விடுத்தா, பேப்பர்ல வந்தா பிள்ளை திரும்பியா வரப்போவுது?" என்றாள்.

"திரும்பி வாரதுக்கா நான் எழுதச் சொன்னேன்?" என்று அவள் சீறினாள். "வந்துட்டுப் போனான்னு நாலு பேருக்குத் தெரியட்டும்னுல சொன்னேன்." டீயை வேர் ஓரமாக ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

மத்தியானச் சோற்றின்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அரைப் பக்கத்துக்கு இம்புட்டா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வாளி விசயமும் அதுலதான இருந்துச்சு? வெட்டுனது ஒரு வகைக்கு நல்லதுன்னு விடு புள்ள. நாமளும் ஊருக்குள்ள நடமாடணும்ல" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அன்றைக்கு அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு, பின்னால் உட்கார்ந்த தகப்பன் மடியில் கிடத்தி, புதைக்கிற இடம் வரை வண்டி ஓட்டியவர் அவர்தான். ஆனாலும் அன்று அவர் இலையில் மோர் ஊற்றுகிறபோது என் கை கூசியது. அவர் சொன்னது என் மனசுக்குள்ளும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்ததுதான் காரணம்.

சாயங்காலம் விளக்கேற்றப் போனேன். அம்மன் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உள்ளது உள்ளபடி ஏறினால் எடுக்கிறேன் என்று வேண்டி, ஏறாததற்குச் சட்டி எடுத்திருக்கிறேன். அம்மனுக்கு நான் செலுத்தியது பொய். திரும்பப் போய் நெருப்பை வாங்கிக்கொள்ள முடியாது. இனி செய்யக்கூடியது ஒன்றுதான். கதையை உள்ளபடி ஆக்கிவிட வேண்டும்.

ஒரு வாரம் கழித்து அவளையும் கூட்டிக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறினேன். அண்ணாச்சியின் கடை மிளகாய் வத்தல் நெடியில் இருந்தது. மீதிப் புத்தகங்கள் கடையின் பின்கட்டில், பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒரு கட்டின் மேல் தராசுப் படிக்கற்களை வைத்திருந்தார்கள்.

"இது யாரு தங்கச்சி?" என்று கேட்டார்.

"கதையில இருக்கிறவ."

அவர் முகம் கொஞ்சம் மாறியது. "உக்காருங்க, குடிக்கக் கலர் வாங்கியாரச் சொல்றேன்" என்றார்.

"கலர் வேணாம் அண்ணாச்சி. விட்டுப்போன பதினோரு வரிய ஒரு சீட்டுல அடிச்சு ஒட்டித் தாங்க."

"எங்க ஒட்ட? அவுக வெளம்பரத்து மேலயா? என் தொழிலே போயிரும் தங்கச்சி. அடிச்ச சீட்டு ஒட்டுனா நான் ஒட்டுனதாத்தான் ஆகும்."

"அப்ப நான் கையால எழுதிக்கிறேன். இங்கனயே ஒரு ஓரமா உக்காந்து."

"கையாலயா? மிச்சம் முந்நூறு புஸ்தகம் கெடக்கு!"

"கெடக்கட்டும்."

என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "சரி, எழுதுங்க. நீங்க எழுதுனா என்ன, எழுதாட்டா என்ன? இத யாரு படிக்கப் போறா?" என்று சொல்லிவிட்டு, "ஏலே, அந்தப் படிக்கல்ல எடுத்துட்டு ரெண்டு சாக்க விரி" என்று சுமை தூக்குகிறவருக்குக் குரல் கொடுத்தார்.

யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்துகொண்டே ஒருவர் வருசா வருசம் ஒன்பது பேர் கதையை வாங்கி அச்சடிக்கிறார். எனக்குக் கிடைத்த அனுமதி அந்த நம்பிக்கையில் கிடைத்த அனுமதி. அவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். சொன்ன நாக்கு கசந்தது.

சாக்கின் மேல் உட்கார்ந்தோம். அவள் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து என் பக்கத்தைத் தேடித் தருவாள். அவளுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியாது. டப்பா படம் தெரியும். தாள்களை விரலால் தள்ளிக்கொண்டே போய், டப்பா வந்ததும் விரித்து என் மடியில் வைப்பாள். டப்பாவின் மேலிருந்து தொடங்கி, படத்துக்கு மேலாகவே பதினோரு வரியையும் எழுதுவேன். விளம்பரத்துக்காரர் போட்டிருந்த அந்தப் பெற்ற பிள்ளை வரியும் என் எழுத்துக்கு அடியில் போய்விடும். மை காய்கிறவரை அவள் ஊதுவாள். பிறகு மூடி அந்தப் பக்கம் அடுக்குவாள். பிள்ளையின் பெயர் எந்த இடத்தில் வருகிறது என்று முதல் புத்தகத்திலேயே கேட்டுக்கொண்டாள். பிறகு ஒவ்வொன்றிலும் அந்த இடத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் மூடினாள்.

முப்பது தாண்டியது. கை கடுத்தது. வத்தல் நெடியில் கண் எரிந்தது. நாற்பதாவது புத்தகமாக இருக்கும். பத்து வரி எழுதி முடித்திருந்தேன். பிள்ளை இருந்த சாயங்காலம் வந்தாயிற்று, பெயரும் வந்தாயிற்று. கடைசி வரிதான் பாக்கி. அது வாளி வரி. அவள் கேட்டது பெயரைத்தானே, அது ஏறிவிட்டதே என்று மனசு சொன்னது. ஊருக்குள்ள நடமாடணும்ல என்ற குரலும் கேட்டது. பேனாவை எடுத்துவிட்டேன். புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் ஊதினாள். மூடவில்லை.

"யக்கா, இதுல முக்கோணம் தெரியுது."

"என்ன முக்கோணம்?"

"டப்பா அடியில இருக்கிற முக்கோணம். மத்ததுல எல்லாம் உங்க எழுத்து அது வரைக்கும் எறங்கி வந்து மறைச்சிருச்சு. இதுல மறைக்கல. என்னத்த விட்டீக?"

"கை கடுக்குதுத்தா. அதான்."

"கடுத்தா நாளைக்கு எழுதுவோம். யாரு வெரட்டுறா? விடாதீக."

அவள் என்னைச் சந்தேகப்பட்டுப் பேசவில்லை. கை வலி என்றே நம்பினாள். அதுதான் என்னைக் கொன்றது. அண்ணாச்சி இன்னொருவர் மனசு நோகக் கூடாதென்று வெட்டினார். நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் ஊதிக் காயவைக்கிற பக்கத்திலேயே வெட்டியிருக்கிறேன். மண்டபத்தில் யாரைப் பார்த்துக் குமட்டியதோ அவர்களில் ஒருத்தி இந்தச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். சீ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. இங்க குடு."

வாங்கி, அந்த வரியை எழுதினேன். மருந்து வாளியை எடுத்து அவள் கையில் கொடுத்தது நான். எழுதியதை அவளுக்கு வாசித்தும் காட்டினேன். "இதத்தான் விட்டேன்" என்றேன்.

அவள் வாங்கி ஊதி மூடினாள். பிறகு முன்னால் முடித்து அடுக்கியிருந்ததிலிருந்து மேலே இருந்த நாலைந்தை எடுத்து, டப்பா பக்கத்தை விரித்து, முக்கோணம் மறைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் மறைந்திருந்தது. திரும்ப அடுக்கிவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். இனி அவள் என் எழுத்தைச் சரிபார்ப்பாள் என்று தெரிந்தது. அது நியாயம்தான்.

மத்தியானம் அண்ணாச்சி கடையைச் சாத்துகிற வரை எழுதினோம். "வியாழக்கிழமை ஏவாரம் மந்தமா இருக்கும், அன்னைக்கு வாங்க" என்றார். வெளியே வந்து சின்னமனூர் பஸ்ஸுக்காக நின்றோம்.

"எத்தனைக்கா முடிஞ்சிருக்கு?"

"நாப்பத்தி மூணு."

"இன்னும்?"

"எரநூத்தம்பதுக்கு மேல கெடக்கு. மண்டபத்துல குடுத்தது போனது போனதுதான்."

 "சரி. வியாழக்கெழம வேற பேனா கொண்டாங்க. இது ஒழுகுது" என்றாள்.